லாரிக்கு ஃபாக் லைட் தேர்ந்தெடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூடுபனியிலும் அடைமழையிலும் லாரி ஓட்ட வேண்டியிருப்பவர்கள் ஃபாக் லைட் வாங்குவதற்கு முன்பும், வாங்கிப் பொருத்திய பின்பும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. உயரம், கோணம் போன்றவற்றுக்குக் குறிப்பிடப்படும் அளவுகள் ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குமுறைகளைத் தழுவியவை. பல நாடுகள் இவற்றை அப்படியே ஏற்றுள்ளன, சில நாடுகள் தமக்கெனத் தனி விதிகளை வைத்துள்ளன. ஆகவே வண்டி பதிவு செய்யப்பட்டுள்ள இடத்தின் விதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

பனிக்குள் ஹெட்லைட்டை பிரைட்டில் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் போலாகிவிடுவது ஏன்?

மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். அத்துளிகளின் விட்டம் சில மைக்ரோமீட்டரிலிருந்து சில பத்து மைக்ரோமீட்டர் வரை இருக்கும். விளக்கிலிருந்து புறப்படும் ஒளி இவற்றில் பட்டு எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. அதில் ஒரு பகுதி சாலையைத் தொடாமலேயே ஓட்டுநரின் கண்ணுக்குத் திரும்பி வந்துவிடுகிறது. பிரைட் ஒளி நேராகத் தொலைவுக்கு அனுப்பப்படுவதால், ஓட்டுநர் எந்த வழியாகப் பார்க்கிறாரோ அந்த வழியிலேயே உள்ள துளிகளையெல்லாம் ஒளியேற்றிவிடுகிறது. அந்த ஒளிரும் திரைதான் வெள்ளைச் சுவராகத் தெரிகிறது. டிம் ஒளியில் இத்தொல்லை குறையும், ஆனால் முற்றிலும் நீங்காது. ஏனெனில் லாரியின் டிம் ஒளியும் ஒரு பக்கத்தில் சற்று மேலேறி, பல பத்து மீட்டர் தொலைவை நோக்கியே வடிவமைக்கப்பட்டது.

அப்படியானால் ஃபாக் லைட் எந்த வகையில் வேறுபட்டது?

ஒளியை அது எங்கே அனுப்புகிறது என்பதைவிட, எங்கே அனுப்பாமல் விடுகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. நல்ல ஃபாக் லைட்டைச் சுவரின் மீது அடித்துப் பார்த்தால், மேல்விளிம்பு கத்தியால் நறுக்கியது போலக் கிடைமட்டமாக வெட்டப்பட்டிருக்கும். அந்தக் கோட்டுக்கு மேலே ஏறத்தாழ இருட்டாகவே இருக்கும். கோட்டுக்குக் கீழே ஒளி இருபுறமும் அகலமாக விரிந்து, வண்டிக்கு முன்னுள்ள குறுகிய தூரத்தையும், சாலையோரக் கோட்டையும், மண் விளிம்பையும் காட்டும். ஓட்டுநரின் பார்வைக் கோடு அந்த ஒளிப்பட்டைக்கு மேலாகச் செல்வதால், இடையிலுள்ள பனி பெரும்பாலும் ஒளியேறாமல் இருக்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி எதுவென்று தெரிந்துவிடும்: மேல்விளிம்பு வெட்டு எவ்வளவு கூர்மையானது? பெட்டியில் ‘ஃபாக்’ என்று அச்சிட்டிருக்கும் பல விளக்குகள் உண்மையில் வட்டமாக எல்லாப் பக்கமும் ஒளியைப் பரப்பும் பணி விளக்குகள். அவை சரக்கு இறக்கும் இடத்துக்குப் பொருந்தும், பனிக்குப் பொருந்தா. விற்பவர் மறுக்காவிட்டால், விளக்கை ஒரு பேட்டரியில் இணைத்து, ஐந்தாறு மீட்டர் தள்ளியுள்ள சுவரில் அடித்துப் பாருங்கள். விளம்பரம் மறைத்ததைச் சுவர் காட்டிவிடும்.

வாட், லுமென் எண்கள் கூடுதலாக இருந்தால் கூடுதல் தூரம் தெரியாதா?

தெளிந்த இரவில் ஓரளவு தெரியும். பனியில் தெரியாது என்பதற்கு ஒரு சிறு கணக்கே போதும். ஒளி பனிக்குள் போகும்போதும் தேய்கிறது, பொருளில் பட்டுத் திரும்பும்போதும் தேய்கிறது. அத்தேய்வு தூரத்துக்கு நேர்விகிதத்தில் அல்லாமல் அடுக்குமுறையில் ஏறுகிறது. பார்வைத் தூரம் 50 மீட்டர் உள்ள பனியில் விளக்கின் ஒளியை அப்படியே இரட்டிப்பாக்கினால், கண்ணுக்கு எட்டும் தூரம் 6 மீட்டருக்கும் குறைவாகவே நீளும். அதுகூட, தொலைவு கூடக்கூட ஒளி விரிந்து மங்குவதைக் கணக்கில் சேர்க்காமல் சொன்னது. அதே வேளையில் துளிகளிலிருந்து திரும்பி வரும் கூச்சமும் இரட்டிப்பாகிறது. வேண்டியதும் வேண்டாததும் ஒரே அளவில் பெருகினால் காட்சி தெளிவடைய வழியில்லை.

லுமென் எண்ணைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரும்பாலான மலிவு எல்இடி விளக்குகளின் பெட்டியில் காணப்படும் எண், உள்ளிருக்கும் சில்லுகள் கோட்பாட்டளவில் தரக்கூடிய மொத்த ஒளியே தவிர, லென்ஸைத் தாண்டிச் சாலைக்கு வந்து சேரும் ஒளி அன்று.

மஞ்சள் ஒளி பனியை ஊடுருவும் என்பது உண்மையா?

ஊடுருவும் என்பது உண்மையன்று. ஆனாலும் மஞ்சளை விரும்புபவர்கள் முற்றிலும் தவறானவர்களும் அல்லர்.

நீல ஒளி கூடுதலாகச் சிதறும், மஞ்சளும் சிவப்பும் குறைவாகச் சிதறும் என்ற விதியைப் பள்ளியில் வானத்தின் நிறத்தை விளக்கும்போது படித்திருப்போம். அந்த விதி ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களுக்கு, அதாவது காற்று மூலக்கூறுகளுக்குப் பொருந்துவது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர்தான். பனித்துளியோ அதைவிடப் பத்து மடங்கு, இருபது மடங்கு பெரியது. அவ்வளவு பெரிய துளி எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கிறது. மூடுபனி நீலமாகத் தெரியாமல் வெண்மையாகத் தெரிவதே இதற்குச் சான்று.

மஞ்சளின் பயன் பனியில் இல்லை, கண்ணில் இருக்கிறது. நீலமும் ஊதாவும் கலந்த ஒளி அதே பிரகாசமுள்ள மஞ்சள் ஒளியைவிடக் கூடுதலான கூச்சத்தை உண்டாக்குவதாகப் பெரும்பாலோர் உணர்கிறார்கள், கண்ணும் விரைவில் களைக்கிறது. நீலப் பகுதியை மட்டும் வடிகட்டிய மஞ்சள் ஒளியில் இத்தொல்லை குறைகிறது. பிரான்ஸ் நாடு 1930களின் பிற்பகுதி முதல் 1993 வரை மஞ்சள் ஹெட்லைட்டையே கட்டாயமாக வைத்திருந்ததற்கும் கூச்சத்தைக் குறைக்கும் நோக்கமே முதன்மையான காரணமாகச் சொல்லப்பட்டது.

ஆகவே மேல்விளிம்பு வெட்டு ஒரே தரத்தில் உள்ள இரண்டு விளக்குகள் கிடைத்தால், அவற்றில் மஞ்சளைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. நீண்ட இரவு ஓட்டத்துக்கு அதுவே இதமானது என்பது என் கருத்து. ஆனால் வெட்டு மோசமான மஞ்சள் விளக்கைவிட வெட்டு கூர்மையான வெள்ளை விளக்கு எப்போதும் மேலானது. வெள்ளையை எடுப்பதானால் பெட்டியில் ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண்ணைப் பார்த்து, நீலச் சாயல் அடிக்கும் 6500 கெல்வினையும் அதற்கு மேற்பட்டதையும் தவிர்த்துவிடுங்கள். ஐக்கிய நாடுகளின் விதிப்படி முன்புற ஃபாக் லைட்டுக்கு வெள்ளை, குறிப்பிட்ட மஞ்சள் ஆகிய இரண்டு நிறங்கள் மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன. நீலம், பச்சை, ஊதா போன்றவை எவ்வளவு அழகாக இருந்தாலும் சாலைக்குரியவை அல்ல.

வெள்ளை விளக்கின் மீது மஞ்சள் ஃபிலிம் ஒட்டலாமா?

ஒட்டாமலிருப்பது நல்லது. ஃபிலிம் ஒளியில் ஒரு பங்கைத் தின்றுவிடும். சுருங்கினாலும் குமிழ் விட்டாலும் மேல்விளிம்பு வெட்டையும் கலைத்துவிடும். விளக்கின் தரச்சான்றும் செல்லாமல் போகக்கூடும்.

ஹாலஜனா, எல்இடியா?

இன்று புதிதாக வாங்குபவருக்குப் பெரும்பாலும் எல்இடிதான் பொருத்தமானது. அதிர்வில் அறுந்துபோக அதில் இழை கிடையாது. கரடுமுரடான பாதையில் ஓடும் லாரிக்கு இது ஒன்றே போதுமான காரணம். மின்சாரச் செலவும் குறைவு. 24 வோல்ட் லாரியில் 70 வாட் ஹாலஜன் பல்பு இரண்டு எரிந்தால் ஏறத்தாழ 6 ஆம்பியர் ஓடும், எல்இடிக்கு அதில் சிறு பங்கே தேவைப்படும்.

ஆனால் உறைபனி விழும் பகுதியில் கணக்கு மாறுகிறது. ஹாலஜன் பல்பு தான் எடுக்கும் மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாக முன்பக்கம் வீசுவதால், லென்ஸில் படியும் பனி தானே உருகி விழுந்துவிடும். எல்இடியின் வெப்பமோ பின்புறமுள்ள உலோகத் தகடுகள் வழியாக வெளியேறும், முன்புற லென்ஸ் குளிர்ந்தே இருக்கும். ஈரப்பனி விழும் இரவில் அரைமணி நேரத்தில் லென்ஸ் மூடிக்கொண்டு, விளக்கு எரிவதே தெரியாமல் போய்விடலாம். இத்தகைய பாதையில் ஓடுபவர்கள் லென்ஸைச் சூடாக்கும் வசதி உள்ள எல்இடி விளக்கை வாங்க வேண்டும், அல்லது தரமான ஹாலஜனையே வைத்துக்கொள்ளலாம். ஹாலஜனைப் பழையது என்று இகழ வேண்டியதில்லை. பல்பு போனால் நடுவழியில் எங்கும் கிடைக்கும், பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். எல்இடி விளக்கு பழுதானால் பெரும்பாலும் முழு விளக்கையும் மாற்ற வேண்டும்.

இருக்கும் ஹாலஜன் விளக்கிலேயே எல்இடி பல்பை மாட்டிக்கொண்டால் என்ன?

இது செலவு குறைந்த வழியாகத் தோன்றும். ஆனால் ஃபாக் லைட்டின் உயிரான மேல்விளிம்பு வெட்டைக் கெடுக்கும் வழியும் இதுவே. விளக்கின் உட்குழிவு, அதாவது ஒளியைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டர், ஹாலஜன் இழை இருக்கும் அந்த ஒரே புள்ளியை மையமாக வைத்துச் செதுக்கப்பட்டது. எல்இடி பல்பில் ஒளி தட்டையான இரு பக்கங்களிலிருந்து, வேறு வடிவத்தில், சற்று வேறு இடத்திலிருந்து வருகிறது. ஒரு மில்லிமீட்டர் விலகினாலே கோட்டுக்கு மேலே ஒளி கசியும். எதிரே வருபவர் கண் கூசுவார், உங்களுக்கும் பனித்திரை திரும்பி வரும். பல நாடுகளில் இத்தகைய பல்பு மாற்றம் சட்டப்படி ஏற்கப்படுவதில்லை. எல்இடி வேண்டுமென்றால் எல்இடிக்கென்றே வடிவமைத்த முழு விளக்கை வாங்குங்கள்.

லாரி 24 வோல்ட், பிடித்த விளக்கு 12 வோல்ட். ஏதாவது வழி உண்டா?

வழிகள் பலர் சொல்வார்கள், அவற்றில் இரண்டு வண்டியைக் கெடுப்பவை. முதலாவது, இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி இழுப்பது. அந்த ஒரு பேட்டரி தொடர்ந்து குறைவாகச் சார்ஜ் ஏற, மற்றொன்று மிகையாக ஏற, சில மாதங்களில் இரண்டுமே வீணாகும். இரண்டாவது, இரண்டு விளக்குகளைத் தொடராக இணைப்பது. ஒன்று அணைந்தால் மற்றதும் அணையும், அதுவும் பனிக்கு நடுவில்.

12 முதல் 24 வோல்ட் வரை ஏற்கும் எல்இடி விளக்குகள் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்கும்போது உச்சவரம்பைப் பாருங்கள். 24 வோல்ட் லாரியில் எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் இயல்பாகவே 28 வோல்ட் அளவில் நிற்கும். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது பேட்டரி இணைப்பு விட்டுப்போனால், கண நேரத்துக்கு 100 வோல்ட்டையும் தாண்டும் எழுச்சி வரலாம். அதைத் தாங்கும் பாதுகாப்பு தனக்கு உண்டென்று விவரத்தாளில் சொல்லும் விளக்கையே லாரிக்கு நம்பலாம்.

எந்த உயரத்தில் பொருத்த வேண்டும்? தரைக்கு அருகில் பனி மெலிதாக இருக்கும் என்கிறார்களே?

அந்தக் காரணம் பொதுவாகச் சரியன்று. தெளிந்த, காற்றில்லாத இரவுகளில் தரை குளிர்ந்து உண்டாகும் மூடுபனி, தரையை ஒட்டியே அடர்த்தியாக இருக்கும். விளக்கைத் தாழ்வாக வைப்பதற்கான உண்மையான காரணம் வடிவியல் சார்ந்தது. கண்ணுக்கும் விளக்குக்கும் இடையேயுள்ள செங்குத்துத் தூரம் எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவுக்கு ஒளியேறிய பனியைத் தவிர்த்துச் சாலையைப் பார்க்க முடியும். கேபினில் உயரமாக அமர்ந்திருக்கும் லாரி ஓட்டுநருக்கு இதில் கார் ஓட்டுநரைவிட இயல்பாகவே நல்ல வாய்ப்பு அமைந்திருக்கிறது. ஃபாக் லைட்டைக் கொண்டுபோய் கேபின் கூரையில் வைப்பவர் அந்த வாய்ப்பைத் தன் கையாலேயே தொலைக்கிறார்.

ஐக்கிய நாடுகளின் 48ஆம் ஒழுங்குமுறைப்படி முன்புற ஃபாக் லைட் தரையிலிருந்து 250 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கக் கூடாது. உச்சவரம்பு கார்களுக்கும் இலகுரகச் சரக்கு வாகனங்களுக்கும் 800 மில்லிமீட்டர், கனரக லாரிகளுக்குப் பொதுவாக 1,200 மில்லிமீட்டர். விளக்கின் வெளிவிளிம்பு வண்டியின் அகல விளிம்பிலிருந்து 400 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளியிருக்கக் கூடாது. இந்த வரம்புக்குள் எவ்வளவு தாழ்வாக வைக்கலாம் என்பதை உங்கள் பாதைதான் தீர்மானிக்கும். கல் குவாரிக்கும் கட்டுமான இடத்துக்கும் போகும் வண்டியில் பம்பரின் அடிவிளிம்பில் தொங்கும் விளக்கு ஒரு மாதம்கூட நிற்காது. நெடுஞ்சாலை வண்டிக்கு பம்பரில் ஏற்கெனவே உள்ள குழியே பெரும்பாலும் சிறந்த இடம்.

கோணத்தை எப்படிச் சரிசெய்வது?

இங்கேதான் பெரும்பாலான நல்ல விளக்குகள் வீணாகின்றன. விலை உயர்ந்த விளக்கை வாங்கி, கண்ணளவில் நிமிர்த்திவிட்டு ஓட்டிச் செல்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டயர்களில் காற்றுச் சரியாக இருப்பதையும், ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியானால் அது ஓட்ட உயரத்தில் நிற்பதையும் உறுதிசெய்யுங்கள். வண்டியின் முன்புறத்திலிருந்து 10 மீட்டர் தள்ளிச் சுவரோ திரையோ இருக்க வேண்டும். தரையிலிருந்து விளக்கின் மையம் எவ்வளவு உயரமோ அதை அளந்து, சுவரில் அதே உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். அதற்கு 15 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு போடுங்கள். ஒளியின் மேல்விளிம்பு இந்த இரண்டாம் கோட்டில் படிய வேண்டும். 10 மீட்டருக்கு 15 சென்டிமீட்டர் என்பது 1.5 விழுக்காட்டுச் சரிவு.

இந்தச் சரிவின் பொருளை ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. 60 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள விளக்கின் மேல்விளிம்பு 1.5 விழுக்காடு சரிந்தால் 40 மீட்டரில் தரையைத் தொடும். அதற்கப்பால் அந்த விளக்கால் உங்களுக்குச் சாலை தெரியாது, தெரியவும் கூடாது. ‘ஃபாக் லைட் தூரம் அடிக்கவில்லை’ என்று நினைத்து அதை நிமிர்த்துபவர், ஃபாக் லைட்டை இன்னொரு மோசமான ஹெட்லைட்டாக மாற்றுகிறார்.

லாரிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஸ்பிரிங் பட்டை உள்ள வண்டியில் பாரம் ஏற்றியதும் பின்புறம் அமுங்கி, முன்புறம் நிமிர்ந்து, ஒளியும் மேலேறும். காலி வண்டியில் சரிசெய்த கோணம் பாரத்தோடு சரியாக இராது. வழக்கமாக எந்தப் பாரத்தோடு ஓடுகிறீர்களோ அந்த நிலையில் கோணத்தை அமைத்து, காலியாக இருக்கும்போது எவ்வளவு கீழே போகிறது என்பதையும் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சற்றுத் தாழ்ந்திருப்பது பாதகமில்லை.

கூரையில் எல்இடி பார் வைத்திருக்கிறேன். பனியில் அதைப் போடலாமா?

வேண்டாம். கண்ணுக்கு மேலிருந்து கண் பார்க்கும் திசையிலேயே ஒளியை வீசுவதால், பனியில் அதைவிடக் கெடுதலான விளக்கு வேறில்லை.

லென்ஸில் உள்ள குறிகள் எதைச் சொல்கின்றன?

வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் அதையடுத்து ஓர் எண்ணும் இருந்தால், ஐக்கிய நாடுகளின் ஒழுங்குமுறைப்படி விளக்கு சோதிக்கப்பட்டுச் சான்று பெற்றது என்று பொருள். அந்த எண் சான்றளித்த நாட்டைக் குறிக்கும்: 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 4 நெதர்லாந்து. ஆனால் வட்டம் மட்டும் போதாது, எந்தப் பணிக்கான சான்று என்பதையும் பார்க்க வேண்டும். முன்புற ஃபாக் லைட்டுக்கான 19ஆம் ஒழுங்குமுறையில் ‘பி’ என்ற எழுத்து பழைய வகுப்பையும், ‘எஃப்3’ என்பது புதிய, கடுமையான வகுப்பையும் குறிக்கும். வட அமெரிக்க முறையில் எஸ்ஏஇ ஜே583 என்ற தரநிலை இதற்குரியது, லென்ஸில் ‘எஸ்ஏஇ எஃப்’ என்று காணலாம்.

‘எஃப்3’ வகுப்பைத் தேடுவது பயனுள்ளது. மேல்விளிம்பு வெட்டின் கூர்மை, கோட்டுக்கு மேலே கசியும் ஒளியின் வரம்பு, பக்கவாட்டு அகலம் ஆகியவை அதில் அளந்து பார்க்கப்படுகின்றன. பெட்டியில் மட்டும் அச்சிட்டு, லென்ஸில் எந்தக் குறியும் இல்லாத விளக்கை எடுக்க வேண்டாம்.

மழை, பனிப்பொழிவு, புழுதி இவற்றிலும் ஃபாக் லைட் பயன்படுமா?

புழுதிக்கும் பனிப்பொழிவுக்கும் நன்கு பயன்படும், ஏனெனில் அங்கும் தொல்லை திரும்பி வரும் ஒளியால்தான். பனிச்சீவல்கள் பெரியவை, ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒளிர்ந்து கண்ணை நோக்கிப் பாய்வது போல் தோன்றி ஓட்டுநரை மயக்கும். தாழ்ந்த, அகன்ற ஒளி அந்த மயக்கத்தைக் குறைக்கிறது.

மழை வேறு வகை. ஈரமான தார்ச்சாலை கண்ணாடி போலாகி, விளக்கொளியை உங்களிடம் திருப்பாமல் முன்னோக்கித் தள்ளிவிடுகிறது. எவ்வளவு ஒளி போட்டாலும் சாலை கருப்பாகவே தெரிவதற்கு இதுவே காரணம். அந்த ஒளி எதிரே வருபவரின் கண்ணுக்குத்தான் போய்ச் சேரும். காற்றும் தெறிப்பும் கலந்து பார்வை மிகவும் குன்றும் அடைமழையில் ஃபாக் லைட்டைப் போடுங்கள், சாதாரண மழையில் தவிர்த்துவிடுங்கள். மழை இரவுகளில் புது விளக்கைவிட வைப்பர் ரப்பரை மாற்றுவதும், முன்கண்ணாடியின் உட்புறத்தை எண்ணெய்ப்பசை இல்லாமல் துடைப்பதும் கூடுதல் பயன் தரும்.

பின்புற ஃபாக் லைட் தேவையா?

மிகவும் தேவை. சொல்லப்போனால் முன்புற விளக்கைவிட இதுவே உயிரைக் காப்பதில் முந்தியது. முன்விளக்கு உங்களுக்குச் சாலையைக் காட்டுகிறது. மெதுவாகப் போகும் ஒரு பெரிய வண்டி இங்கே இருக்கிறது என்று பின்னால் வேகமாக வருபவருக்குச் சொல்வது பின்விளக்கு. இது சிவப்பாக, பிரேக் விளக்குக்கு ஒத்த பிரகாசத்துடன் இருக்கும். அதனால்தான் பிரேக் விளக்கிலிருந்து குறைந்தது 100 மில்லிமீட்டர் விலகியிருக்க வேண்டும் என்பது விதி. இரண்டும் ஒட்டியிருந்தால் நீங்கள் பிரேக் பிடித்ததைப் பின்னால் வருபவர் உணர மாட்டார்.

டிரெய்லர் இழுக்கும் வண்டியில் டிரெய்லரின் பின்புறத்தில் தனி விளக்கு இருக்க வேண்டும், அது எரியும்போது இழுவை வண்டியின் பின்விளக்கு அணைந்திருப்பது நல்லது. இல்லாவிட்டால் அந்தச் சிவப்பு ஒளி டிரெய்லரின் முன்சுவரில் பட்டு, பக்கக் கண்ணாடிகளில் தெறிக்கும்.

பனி விலகியதும் இதை மறக்காமல் அணைக்க வேண்டும். ஜெர்மனியில் பனியால் பார்வைத் தூரம் 50 மீட்டருக்குக் கீழே குறைந்தால் மட்டுமே பின்புற ஃபாக் லைட்டைப் போடலாம் என்ற கண்டிப்பு இருப்பது, பின்னால் வருபவரை அது அவ்வளவு கூசச் செய்யும் என்பதால்தான்.

ஐபி67, ஐபி69கே என்ற குறிகளில் எது வேண்டும்?

ஐபி67 என்றால் தூசி புகாது, 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்கும். ஐபி69கே என்றால் 80 டிகிரி வெந்நீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில் அருகிலிருந்து பீய்ச்சினாலும் தாங்கும். இவை இரண்டும் வெவ்வேறு சோதனைகள், ஒன்று மற்றொன்றை உள்ளடக்காது. லாரியை உயரழுத்த நீரால் கழுவுவது வழக்கமானால் இரண்டு குறிகளும் உள்ள விளக்கைத் தேடுங்கள்.

லென்ஸின் உட்புறம் வியர்த்திருக்கிறது. விளக்கு கெட்டுவிட்டதா?

மெல்லிய ஆவிப்படலம் சிறிது நேரம் எரிந்தபின் மறைந்தால் கவலை வேண்டாம், காற்றோட்டத் துளை உள்ள விளக்குகளில் அது இயல்பு. நீர் துளித்துளியாகத் தேங்கி நின்றால் சீல் போய்விட்டது. உட்குழிவின் பளபளப்பு உரியும் முன் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்றினால் இருபக்க ஒளியும் ஒத்திருக்கும்.

ஒயரிங்கில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஹாலஜன் விளக்கானால் கம்பியின் தடிமனைக் கவனியுங்கள். இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4ஆம் அடுக்கில் மாறுகிறது. மெல்லிய கம்பியாலும் துருப்பிடித்த எர்த்தாலும் மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால், ஒளி 30 விழுக்காடு குறைந்துவிடும். விளக்கு மங்கல் என்று கூடுதல் வாட் பல்பை வாங்கிப் போடுபவர்களில் பலருக்குத் தேவையானது ஒரு நல்ல எர்த் இணைப்பு மட்டுமே. அந்தக் கூடுதல் வாட் பல்போ அதே மெல்லிய கம்பியை மேலும் சூடாக்கி, விளக்குக் கூட்டையும் உருக்கிவிடும்.

மின்சாரம் சுவிட்ச் வழியாக நேரே ஓடக் கூடாது. வண்டியின் மின்னழுத்தத்துக்குரிய ரிலே ஒன்றும், பேட்டரிக்கு அருகில் அளவான ஃபியூஸ் ஒன்றும் வேண்டும். எர்த் கம்பியை வண்ணம் பூசிய தகட்டில் முடுக்காமல், சுரண்டிச் சுத்தம் செய்த சேஸ் உலோகத்தில் முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். புதிய லாரிகளில் பல்பு எரிகிறதா என்று கட்டுப்பாட்டுக் கணினி மின்னோட்டத்தை அளந்துகொண்டே இருக்கும். தொழிற்சாலை இணைப்பில் ஹாலஜனை எடுத்துவிட்டு எல்இடியை மாட்டினால், மின்னோட்டம் குறைந்ததைப் பார்த்து அது பல்பு போய்விட்டதாக எச்சரிக்கலாம், சில வேளை விளக்கு சிமிட்டவும் செய்யலாம். அந்த லாரி மாதிரிக்கென்று தயாரித்த விளக்கை வாங்குவது இச்சிக்கலைத் தவிர்க்கும்.

நல்ல விளக்கு பொருத்தியபின் பனியில் எவ்வளவு வேகம் போகலாம்?

கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆவதற்குள்ளேயே 33 மீட்டர் ஓடிவிடும். உலர்ந்த சாலையில் நல்ல பிரேக்குடன் நிற்க இன்னும் 50 மீட்டர் அளவுக்குத் தேவைப்படும். முன்பு கணக்கிட்ட ஃபாக் லைட்டின் எல்லையோ 40 மீட்டர். 50 கிலோமீட்டர் வேகத்தில் இதே கணக்கு ஏறத்தாழ 40 மீட்டருக்கு வந்து நிற்கும், அதுவும் சாலை உலர்ந்திருந்தால் மட்டுமே. பனி இறங்கிய சாலை பெரும்பாலும் ஈரமாகவே இருக்கும் என்பதால், அந்த 50ஐயும் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.